‘கூல்’ என்னும் சொல்

கோடை விடுமுறையில் உதகை சேரிங்கிராஸ் அருகே அரை மணி நேரம் நின்றால், ‘கூல்’ என்ற ஒரே சொல் நான்கு பொருளில் காதில் விழும். சமவெளியிலிருந்து ஏறி வந்தவர் ‘கிளைமேட் கூலா இருக்கு’ என்பார். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சினந்தவரை உடன் வந்தவர் ‘கூல், கூல்’ என்று அமர்த்துவார். புதுச் சட்டை அணிந்த மாணவரைத் தோழர்கள் ‘செம கூல்’ என்று மெச்சுவார்கள். ‘ஆறு மணிக்குக் கிளம்பலாமா?’ என்று கேட்டால் அதற்கும் ‘கூல்’ என்பதே விடை.

மிதமான குளிர்ச்சி என்னும் முதற்பொருளும், பதற்றமின்மை என்னும் பொருளும் ஆங்கிலத்தில் மிகப் பழையவை. பாராட்டுச் சொல்லாக இது உலகெங்கும் பரவியதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கும், 1940களில் ஜாஸ் இசைக் கலைஞர்களிடையே அது பெற்ற செல்வாக்கும் காரணம். இனவொடுக்குமுறைக்கு நடுவிலும் நிலைகுலையாமல் நிற்பதை மதித்த மக்களின் சொல் என்பதால், இதை வெறும் விடலைப் பேச்சு என்று ஒதுக்குவது நியாயமன்று.

ஆங்கிலத்தில் இதற்கு முகங்கொடாமை என்ற பொருளும் உண்டு. குளிர்நாட்டில் வெப்பமே அன்புக்கு அடையாளம். தமிழில் நிலைமை நேர்மாறு: அருளைத் ‘தண்ணளி’ என்கிறோம், எல்லா உயிர்களிடமும் காட்டும் இரக்கத்தைக் குறளின் 30ஆம் பாடல் ‘செந்தண்மை’ என்கிறது. உதகையை அடுத்த தலைகுந்தாவில் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்துக் கிடக்கும் தை மாதக் காலையில், அடுப்பை விட்டு நகர மனமில்லாத நாங்களும் ஓர் உதவிக்கு நன்றி சொல்லும்போது ‘மனசு குளிர்ந்துபோச்சு’ என்றுதான் சொல்கிறோம்.

எனவே ‘கூல்’ என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுவது வீண். பதற்றமின்மைக்கு ‘ஆறு’ என்னும் வினை மிகப் பொருத்தமானது. தேநீரும் ஆறும், புண்ணும் ஆறும், ஔவையார் சொன்னபடி சினமும் ஆறும். ‘கூலா யோசி’ என்பதைவிட ‘ஆற அமர யோசி’ என்பதில் நிதானம் கூடுதலாகவே இருக்கிறது. இசைவுக்குச் ‘சரி’, ‘ஆகட்டும்’ போதும். பாராட்டுக்கு ‘அருமை’ உண்டு. தோற்றப் பொலிவுக்கு இளைஞர் சொல்லும் ‘கெத்து’ நெருங்கி வந்தாலும், அதில் சற்றுச் செருக்கு ஏறியிருப்பதால் நான் ‘மிடுக்கு’ என்பதையே தேர்வேன். அந்த மாணவரின் சட்டையைக் ‘குளிர்ச்சியான சட்டை’ என்று பெயர்த்தால், குளிர் தாங்காத சட்டை என்றே எங்கள் ஊரில் பொருள்கொள்வார்கள்.