ஃபெட்ச்ஒன் கொண்டுவருவது ஒன்றல்ல

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ரிப்போர்ட் சர்வர் தினமும் காலையில் மெமரி நிரம்பிப் படுத்துவிடும். ரேம் கூட்டினோம். சில வாரம் தாங்கியது, அப்புறம் பழைய கதைதான்.

கடைசியில் பிடிபட்டது பைத்தானில் இருந்த நான்கு வரி. மின்மீட்டரின் கடைசி ரீடிங்கை எடுக்கும் வேலை அது. நொடிக்கு ஒரு ரீடிங் என்றால் ஒரு மீட்டருக்கே நாளைக்கு 86,400 ரெக்கார்டு. நான்கு மாதத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். எழுதியவர் அத்தனையையும் புதியது முதலில் வரும்படி டேட்டாபேஸிடம் கேட்டுவிட்டு, ஃபெட்ச்ஒன் (fetchone, 'ஒன்றை எடு' என்னும் கட்டளை) போட்டு ஒன்றை எடுத்திருந்தார்.

பெயரைப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பைத்தானைப் பேசவைக்கும் சைக்கோபிஜி2 டிரைவரில், ரிசல்ட்டை வாங்கித் தரும் கர்சர் சாதாரண வகை என்றால், எக்ஸிக்யூட் (கேள்வியை அனுப்பி ஓட்டும் கட்டளை) முடியும்போதே முழு ரிசல்ட்டும் நம் பக்க மெமரிக்கு வந்துவிடும். ஃபெட்ச்ஒன் அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டும், அவ்வளவுதான். பிஎச்பி வழியாக மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பேசுகிறவர்களுக்கும் வழக்கமான நிலை இதேதான்.

சரி, குவரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில், ஒன்று மட்டும் போதும் என்று சொல்லும் லிமிட் 1 சேர்த்தோம். மெமரி பிரச்சினை போனது, வேகம் வரவில்லை. ஒன்றை மட்டும் அனுப்பினாலும், எது கடைசி என்று கண்டுபிடிக்க சர்வர் எல்லாவற்றையும் படித்தாக வேண்டியிருந்தது. நேரம் பதிவாகும் நெடுவரிசைக்கு (column) இண்டெக்ஸ், அதாவது தேட உதவும் வரிசைப்பட்டியல், போட்டதும் பெரும்பாலான மீட்டர்களுக்குப் பதில் உடனே வந்தது. சிலவற்றுக்கு மட்டும் நிமிடக்கணக்கில் இழுத்தது. பார்த்தால், அவை பழுதாகி நின்றுபோன மீட்டர்கள்! புதியதிலிருந்து பின்னோக்கித் தேடும்போது, மற்ற மீட்டர்களின் பல மாத ரீடிங்கைத் தாண்டித்தான் அவற்றின் கடைசி ரெக்கார்டு கிடைக்கும். குவரி எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளைன் அனலைஸ் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நாங்கள் ஊகத்திலேயே ஒரு நாளை ஓட்டினோம். மீட்டர் எண் முதலில், நேரம் அடுத்து என்று இரண்டையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸாகப் போட்ட பிறகு, அந்த மீட்டர் இருக்கும் பகுதிக்கே நேராகப் போய் அதன் கடைசி முனையில் ஒன்றை எடுத்துக்கொண்டது.

எந்த வரிசையில் வேண்டும் என்று சொல்லும் ஆர்டர் பை இல்லாமல் லிமிட் 1 போட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. டெஸ்டில் சரியான ரெக்கார்டு வந்தால், அது அதிர்ஷ்டம். போஸ்ட்கிரெஸில் இன்னொரு வம்பும் உண்டு: இறங்குவரிசையில் கேட்டால் நல் (null), அதாவது மதிப்பே பதிவாகாத ரெக்கார்டுகள்தான் முதலில் நிற்கும். நேரமே பதிவாகாத ஒரு ரெக்கார்டு "கடைசி ரீடிங்" என்று வந்து நின்றது எங்களுக்கு. குவரியில் நல்ஸ் லாஸ்ட் (nulls last) சேர்த்தால் அது பின்னால் போய்விடும், ஆனால் இண்டெக்ஸையும் அதே வரிசையில் உருவாக்க வேண்டும். நாங்கள் அந்த நெடுவரிசையையே நாட் நல் (not null, காலியாக விட முடியாதது) ஆக்கிவிட்டோம்.