பிளீனம்: பொருளும் தமிழும்

அமெரிக்காவில் விற்கும் நெட்வொர்க் கேபிள் பெட்டியில் 'பிளீனம்' என்று போட்டிருந்தால் அது வேகத்தைச் சொல்வதில்லை. கேபிள் ஓடக்கூடிய இடத்தைச் சொல்கிறது.

லத்தீனில் 'பிளீனுஸ்' என்றால் நிறைந்த. வெற்றிடத்துக்கு எதிராக, பொருள் நிறைந்த வெளியைத் தத்துவவாதிகள் பிளீனம் என்றார்கள். பிறகு காற்றோட்டப் பொறியாளர்கள் அதை அழுத்தத்தில் காற்று நிரம்பிய அறைக்கு வைத்தார்கள். இன்று, ஏசி காற்றைத் திரும்ப இழுக்கத் தனிக்குழாய் போடாமல் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள இடைவெளியையே வழியாக்கினால் அதுவும் பிளீனம்தான். அங்கே அழுத்தம் குறைவு என்பது வேறு கதை. பெயர் மட்டும் 'நிறைந்தது'!

சாதாரண பிவிசி உறை எரிந்தால் கரும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைடும் கிளம்பும். ஈரம் பட்டால் அமிலமாகும். பிளீனத்தில் அதை ஏசி விசிறியே உறிஞ்சி மற்ற அறைகளுக்கு அனுப்பிவிடும். அதனால்தான் அங்கே சிஎம்பி (CMP, பிளீனத்துக்கான தகவல்தொடர்பு கேபிள்) குறியிட்ட கேபிள் கேட்கிறார்கள். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 262 சோதனையில், சுரங்கம் போன்ற உலையில் காற்றோட்டத்தோடு 20 நிமிடம் தீ காட்டுவார்கள். சுடர் 1.5 மீட்டருக்கு மேல் பரவக்கூடாது. புகையின் ஒளியடர்த்தி (ஒளியை மறைக்கும் அளவு) உச்சத்தில் 0.5, சராசரியில் 0.15 தாண்டக்கூடாது. இதற்காகவே பல சிஎம்பி கேபிள்களில் செம்புக் கம்பியின் மேல் எஃப்இபி என்ற ஃபுளூரின் பிளாஸ்டிக் இருக்கும். விலை ஏறுவதும் அதனால்தான்.

மாடிக்கு மாடி செங்குத்தாக ஏறும் கேபிளுக்கு சிஎம்ஆர் (CMR, 'ரைசர்' வகை) குறியே போதும். சிஎம்ஆர் இடத்தில் சிஎம்பி போடலாம், மாற்றிப் போட முடியாது. 'ஹாலஜன் இல்லை, புகை குறைவு' என்ற எல்எஸ்இசட்எச் உறையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்த எழுத்துகள் மட்டும் இருந்தால் சிஎம்பிக்கு ஈடாகாது. நல்ல சிஎம்பியைப் போட்டு, அதைச் சாதாரண நைலான் டையால் (கேபிளைக் கட்டும் பட்டை) கட்டுவதும் தவறு. டைக்கும் பிளீனம் சான்று வேண்டும். சீலிங்கைத் தாங்கும் கம்பியிலும் கேபிளைத் தொங்கவிடக்கூடாது.

தமிழில்? லத்தீன் வேருக்கு 'நிறைவெளி' நேர், ஆனால் வேலைத்தளத்தில் யாருக்கும் புரியாது. 'காற்றறை' நுரையீரலை நினைவூட்டும். 'மேற்கூரை இடைவெளி' என்றால் காற்றே விட்டுப்போகிறது. எங்கள் தேர்வு 'காற்றோட்ட இடைவெளி'. உயர்த்திய தரைக்கு அடியில் காற்று ஓடினாலும் பொருந்தும். ஐயம் வந்தால் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி, காற்றை இழுக்கும் கிரில்லின் பின்புறத்தைப் பாருங்கள். குழாய் பூட்டாமல் திறந்து கிடந்தால் அது காற்றோட்ட இடைவெளிதான்.