மவுஸ் சுணக்கம்: ‘வேகக்குறைவு’ ஏன் தவறு?

கை நகர்ந்து சற்று நேரம் கழித்துத்தான் திரையில் அம்புக்குறி நகர்கிறது. நடுவே விட்டுவிட்டுத் தாவுகிறது. புளூடூத் மவுஸில் வரும் இந்தக் கோளாறை ஆங்கிலத்தில் ‘லேக்’ என்பார்கள். உதவிக் குறிப்புகளைத் தமிழாக்குவோர் திரும்பத் திரும்ப இதை ‘வேகக்குறைவு’ என்றே எழுதுகிறார்கள். அந்தச் சொல் படிப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது.

பின்தங்குதல், பிந்தி வருதல் என்பதே லேக்கின் பொருள். ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம் என்பர், மூலம் உறுதியில்லை. தமிழில் ‘சுணக்கம்’ இருக்கிறது. சுணங்கு என்ற வினைக்குச் சோர்தல், தடைப்பட்டுத் தாமதித்தல் என்று பொருள். ‘வேலை சுணங்கிக் கிடக்கிறது’ என்று இன்றும் சொல்கிறோம். தமிழ் எழுத்தில் ‘லேக்’ என்றால் ஏரியும் நினைவுக்கு வரும், ‘லாக்’ என்றால் பூட்டும் வரும். சுணக்கத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

வேகம் குறைவு என்று படித்தவர் என்ன செய்வார்? அமைப்புகளுக்குப் போய் அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டுவார். கை நகரும் தூரத்துக்கு அம்புக்குறி எவ்வளவு தூரம் போகவேண்டும் என்ற விகிதம்தான் அங்கே இருக்கிறது. தகவல் வந்துசேரும் நேரத்தை அது தொடுவதே இல்லை. 40 மில்லிநொடி பிந்தி வந்த தகவல் அதன் பிறகும் 40 மில்லிநொடி பிந்தியே வரும். ஒவ்வொரு தாவலும்தான் இன்னும் நீளும். மொழிபெயர்ப்பே கோளாறைப் பெரிதாக்கிவிடுகிறது!

கோளாறு இருப்பது நேரப் பங்கீட்டில். மவுஸும் கணினியும் குறித்த இடைவெளியில் சந்தித்துத் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. இன்று புழங்கும், மின்சாரம் குறைவாகச் செலவிடும் ‘லோ எனர்ஜி’ வகை புளூடூத் மவுஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இடைவெளி 7.5 மில்லிநொடிக்குக் கீழே போகாது. கணினியின் அதே புளூடூத் ரேடியோவில் ஹெட்செட்டும் விசைப்பலகையும் சேர்ந்தால் நேரத்தைப் பங்கிடவேண்டும். ஹெட்செட்டில் ஓடும் பாட்டே கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்ளும். அழைப்பில் ஹெட்செட் மைக் இயங்கத் தொடங்கினால் குரலுக்கென்று நேரக் கூறுகள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடும். ஒரு சந்திப்பைத் தவறவிட்ட மவுஸ் அடுத்ததற்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைத்தான் கண் தாவலாகப் பார்க்கிறது.

‘பின்னடைவு’ என்று எழுதுவோரும் உண்டு. தேர்தலில் வேட்பாளருக்கு வருவது பின்னடைவு. ‘இணைப்பில் பின்னடைவு’ என்றால் இணைப்பே அறுந்துவிட்டதாகத் தோன்றும். ‘தாமதம்’ பிழையில்லை. வடமொழி வழி வந்தது என்பதற்காக அதை விலக்கவும் வேண்டாம், தகவல் வந்துசேர ஆகும் நேரமான ‘லேட்டன்சி’க்கு அதை வைத்துக்கொள்ளலாம். தாமதம் மில்லிநொடியில் அளக்கக்கூடியது. அது சிறிதாகவும் சீராகவும் இருந்தால் கைக்குத் தெரியாது. கூடினாலோ ஏறி இறங்கினாலோதான் சுணக்கமாக உணர்கிறோம். இரண்டுக்கும் இரண்டு சொல் தேவை. லேட்டன்சியை ‘மறைநிலை’ என்று எழுதுவதற்கோ எந்த நியாயமும் இல்லை. அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டிவைக்கும் வேலை அது. சாதனத்தைத் தொட்டுப் பார்க்காமல் அதன் உதவிக் குறிப்பை மொழிபெயர்க்கக் கூடாது.

குறிப்பை இப்படி எழுதினால் யாருக்கும் புரியும்:

‘மவுஸ் சுணங்கினால் முதலில் ஹெட்செட்டின் இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். சுணக்கம் நீங்கினால் நேரப் பங்கீடே காரணம். ஹெட்செட் வேண்டுமென்றால், அழைப்பின்போது மைக்கை மட்டும் கணினியின் சொந்த மைக்குக்கு மாற்றுங்கள். ஹெட்செட்டைத் துண்டித்தும் சுணக்கம் நீங்காவிட்டால், வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், புளூடூத்தும் 2.4 அலைவரிசையில்தான் இயங்குகிறது. யுஎஸ்பி 3 வன்தட்டும் ஹப்பும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். யுஎஸ்பியில் செருகும் சிறு புளூடூத் கருவியான டாங்கிளை அவற்றின் அருகில் செருகாமல், நீட்டிப்புக் கம்பி வழியாக மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். சற்று நேரம் தொடாமல் விட்ட பிறகு முதல் அசைவு மட்டும் பிந்தினால், மவுஸ் மின்சேமிப்புத் தூக்கத்திலிருந்து விழிக்கிறது என்று பொருள். மற்றக் கருவிகளைத் துண்டிப்பதால் அது மாறாது.’