அயலார் வந்தமர்ந்த ஆராதனை

சபைக்கு வெளியே இருப்பவர்களை எப்படி எட்டுவது என்ற பேச்சு எழுந்தால், குழுக்கூட்டத்தில் முதலில் வந்து விழும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். ஞாயிறு ஆராதனையை வருகிறவர்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிவிடலாம் என்பார்கள். பழைய பாட்டுகளைக் குறைக்கலாம், மேடை வெளிச்சத்தைக் கூட்டலாம், பாவம், சிலுவை என்ற பேச்சைக் கொஞ்சம் ஒத்திப்போடலாம். ஆராதனை நடத்துகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிற போதகன் என்ற முறையில், இந்த நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தேவனுக்கு ஏறெடுக்க வேண்டியதை, பார்க்க வந்தவருக்குப் படைக்கத் தொடங்கிவிடுகிறோம். இதை வந்தவரே சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்.

பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணித் தேவனைத் துதித்துப் பாடியபோது, மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. பாட்டு தேவனுக்கு, கேட்டவர்கள் அயலார். 40ஆம் சங்கீதத்திலும் இதே அமைப்பு இருக்கிறது: துதிக்கும் புதுப்பாட்டை அநேகர் கண்டு, பயந்து, கர்த்தரை நம்புவார்கள். நான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான். அயலார் கேட்கும்படி பாடுங்கள், அயலாருக்காக நடிக்காதீர்கள்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதில் (1 கொரிந்தியர் 14) இன்னும் நுணுக்கமான ஒரு கவனிப்பு உண்டு. எல்லாரும் அந்நிய பாஷையில் பேசிக்கொண்டிருக்கும்போது அவிசுவாசி ஒருவர் உள்ளே வந்தால், இவர்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டாரா என்று கேட்கிறார். புரியும்படி பேசினால் அதே மனிதர் முகங்குப்புற விழுந்து, தேவன் மெய்யாகவே உங்களுக்குள் இருக்கிறார் என்று அறிக்கையிடுவார் என்கிறார். அயலார் வருவார் என்பதைப் பவுல் இயல்பான காரியமாக எடுத்துக்கொள்கிறார். அவருக்காக ஆராதனையின் சாரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, தெளிவாக்கத்தான் சொல்கிறார்.

ஆதிச் சபைக்கே இதில் தயக்கம் இருந்தது. ஞானஸ்நானம் பெறாதவர்கள் வேதவாசிப்பும் பிரசங்கமும் முடிந்ததும், திருவிருந்துக்கு (இயேசுவின் மரணத்தை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) முன் வெளியே அனுப்பப்படும் வழக்கம் உருவானது. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாத ஊரார், இவர்கள் மனித மாமிசம் தின்கிறார்கள் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். ஏறக்குறைய கி.பி. 155இல் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடுகையை ஒளிவுமறைவின்றி விவரித்தார்: வேதவாசிப்பு, நடத்துகிறவரின் அறிவுரை, எல்லாரும் எழுந்து நின்று ஜெபம், அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும், பிறகு அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கைதிகளுக்குமான காணிக்கை. புதியவர்களுக்கான அறிமுகத் தாள் எழுத உட்காருகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு உட்காரட்டும்.

திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1526இல் ஜெர்மன் மொழி ஆராதனை முறையை வெளியிட்டபோது, கூட்டத்தில் இன்னும் விசுவாசியாத பலர் புதிதாக ஏதாவது பார்க்க வாய்பிளந்து நிற்கிறார்கள் என்று முன்னுரையில் எழுதினார். அவர்களையும் மனத்தில் வைத்தே அந்த முறை அமைந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தேடுகிறவர்களுக்கென்றே வார இறுதிக் கூடுகை, விசுவாசிகளுக்கு வாரநடுவில் ஆராதனை என்று பிரித்த சபைகளும் வளர்ந்தன. எனக்கு அந்தப் பிரிவினை உவப்பானதில்லை. ஒருவரை அழைத்துவிட்டு, குடும்பம் உண்மையில் கூடும் நாளை அவரிடமிருந்து மறைப்பது போல இருக்கிறது.

புரிந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 987இல், எந்த மதத்தை ஏற்பது என்று அறியக் கீவ் இளவரசர் விளாதிமிர் அனுப்பிய தூதர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் ஆராதனையைக் கண்டுவிட்டு, நாங்கள் பரலோகத்தில் இருந்தோமா பூமியில் இருந்தோமா என்று தெரியவில்லை என்று சொன்னதாகப் பழைய ரஷ்ய வரலாற்றேடு கூறுகிறது. அவர்களைத் தொட்டது அழகும் பயபக்தியும். (அடுத்த ஆண்டு ஆற்றுக்கு வராதவன் எனக்குப் பகைவன் என்று அதே இளவரசர் அறிவித்து நடத்திய ஞானஸ்நானத்தை யாரும் முன்மாதிரியாக எடுக்க வேண்டாம்.)

இனி நடைமுறை. திருவிருந்தின்போது முதல்முறை வந்தவரின் வரிசையைக் கவனியுங்கள். தட்டு கைமாறி வருகிறது. இரண்டு ஆள் தள்ளி வந்ததும் அவர் நிமிர்ந்து உட்காருகிறார். எடுக்க வேண்டுமா, எடுத்தால் தவறா, அப்படியே கடத்திவிட்டால் அவமரியாதையா? பக்கத்தில் இருப்பவர் கண்மூடி ஜெபிக்கிறார், கேட்கவும் முடியாது. கடைசியில் சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போலச் சட்டென்று அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார். அதன்பின் வரும் பாட்டும் ஜெபமும் அவர் காதில் விழுவதில்லை. இதற்கு முன்கூட்டியே மூன்று வாக்கியம் போதும்: இது யாருக்கு, எதை நினைவுகூருகிறோம், பங்குபெறாதவர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். காணிக்கைப் பைக்கும் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். விருந்தினராக வந்தவர்களிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை என்று.

புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று மைக்கில் சொல்லிக் கைதட்டுவதை நிறுத்திவிடலாம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்ற வழக்கத்தையும் குறைக்கலாம். தான் நம்பாத ஒன்றை அந்நியர் ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவது விருந்தோம்பல் ஆகாது.

இயேசுவை ஏற்க விரும்புகிறவர்கள் கை உயர்த்துங்கள் என்று கேட்கும் அழைப்பு நேரத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. எல்லாரும் கண்களை மூடியிருக்க, கீபோர்டு மெல்ல ஒலித்துக்கொண்டே இருக்க, "இன்னும் ஒருவர் இருக்கிறீர்கள்" என்று கால்மணி நேரம் இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒருவர் கடைசியில் கை உயர்த்துவது மனமாற்றத்தாலா, கூட்டம் முடிந்தால் போதும் என்பதாலா என்று நமக்குத் தெரியாது. அழைப்பை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள், ஒரு பாட்டுக்கு நேரம் கொடுங்கள், முடித்துவிடுங்கள். சிறுவர்கள் கை உயர்த்தினால் பெற்றோருக்குத் தெரியாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. நோயாளிக்காக ஜெபிக்கும்போது குணமாகிவிட்டது என்று மேடையிலிருந்து அறிவிப்பதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும் உயிரோடு விளையாடுவது. ஜெபத்தைக் கேட்டவர் மருத்துவரையும் தொடர்ந்து பார்க்கட்டும் என்று வாய்திறந்து சொல்ல வேண்டிய கடமை நடத்துகிறவருக்கு உண்டு.

நேரலை வந்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. பலர் முதலில் ஆராதனையைக் கைபேசியில்தான் பார்க்கிறார்கள்; அதனால் கேமரா பிடிப்பவர்களும் இப்போது நடைமுறையில் வாசலில் நிற்கும் உபசரிப்பாளர்கள்தான். ஆனால் கண்ணீரோடு நிற்கும் ஒரு முகத்தை நெருக்கமாகக் காட்டினால் காட்சி நன்றாக இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றும். அவர் வீட்டில் சொல்லாமல் வந்தவராக இருக்கலாம். அந்த ஒரு காட்சியால் அவருக்கு வீட்டுக்குள் நுழைய முடியாமல் போகலாம். கேமரா எட்டாத சில வரிசைகளை ஒதுக்கி, அதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

விவரத் தாளில் கைபேசி எண் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒருமுறை அழைத்து நன்றி சொல்லலாம், கேள்வி இருந்தால் பேசலாம். வேண்டாம் என்றால் எண்ணை அழித்துவிட வேண்டும். அந்தத் தாளைக் குழுவின் வாட்ஸ்அப்பில் படமெடுத்துப் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.