பெரிய ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருக்கள்

"எங்க தெருவுல கல்யாண மஹால் வருதாம் சார், தடுக்க முடியுமா?"

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தரும் வேலை என்னுடையது. இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. மஹாலுக்குப் பதில் லாட்ஜ் என்பார்கள், குடோன் என்பார்கள், ஐஸ் கம்பெனி என்பார்கள். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் தூண் எழும்பி, முதல் தளத்துக்கு சென்ட்ரிங் அடித்த பிறகுதான் வருகிறார்கள். தடுக்க முடியும். ஆனால் சுலபமாகத் தடுத்திருக்கக்கூடிய நேரம் வெகு முன்பே வந்து, யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். அந்த நேரத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் கரையில் இரண்டு பெரிய சாலைகள். பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று வந்து ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 87 ஒன்று. தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், ஏர்வாடி, சாயல்குடி என்று தூத்துக்குடிப் பக்கம் இறங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை இன்னொன்று. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸும் லாரியும் தீவுக்குள் நேராக வர ஆரம்பித்தன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. பேக்கரும்பில் கலாம் நினைவகமும் அதே ஆண்டு திறந்தது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் வந்துவிட்டது. வண்டி கூடக் கூட ரோட்டோர மனையின் விலை ஏறுகிறது. அங்கே கடையும் ஓட்டலும் வருவது இயல்பு, ஊருக்கும் அதனால் பிழைப்பு உண்டு. என் கவலை முன்வரிசையைப் பற்றியதில்லை. அந்த வியாபாரம் ரோட்டிலிருந்து எத்தனை மனை ஆழத்துக்கு உள்ளே போகிறது என்பதுதான்.

சட்டம் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், போட்ட ஊரில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கும்: குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று. எந்த மண்டலத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம், பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், எதிரே எவ்வளவு அகலத்தில் ரோடு இருக்க வேண்டும் என்பதை 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. நகரமானாலும் கிராமமானாலும் மாநிலம் முழுக்க அதே விதிதான். "நாங்க பஞ்சாயத்துதானே, எங்களுக்கு இதெல்லாம் கிடையாது" என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. மாஸ்டர் பிளான் இல்லாத ஊரிலும் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017-இல் தனி விதிகள் வந்தன. வேளாண் துறையின் கருத்தைக் கேட்காமல் அந்த மாற்றம் நடக்காது.

குடியிருப்பு மண்டலம் என்றால் கடையே கூடாது என்று அர்த்தமில்லை. தெருவுக்குத் தேவையான பெட்டிக்கடை, வீட்டு முன்னறையில் தையல் மெஷின், டாக்டர் தன் வீட்டிலேயே வைத்திருக்கும் சின்ன கிளினிக் இதற்கெல்லாம் விதியில் இடம் இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம், புகார் கொடுக்க வரும் சிலர் முதலில் கைகாட்டுவது இட்லி சுட்டு விற்கும் பாட்டியைத்தான். அவர் மேல் புகார் எழுதித் தர மாட்டேன். தெருவைக் கெடுப்பது முந்நூறு பேர் சாப்பிடும் கூடம், நாற்பது அறை லாட்ஜ், ராத்திரி லாரி வந்து நிற்கும் கிட்டங்கி.

அது எப்படி உள்ளே வருகிறது என்று ஒரு வரைபடத்தை வைத்துச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பழைய லேஅவுட். ரோட்டைப் பார்த்த முன்மனை ஒருவருக்குச் சொந்தம். அதன் முதுகுப் பக்கத்து மனை 23 அடி உள்தெருவைப் பார்த்தது. அதையும் அவரே வாங்கி, இரண்டையும் ஒரே இடமாகக் காட்டிப் படம் போடச் சொன்னார். தாளில் கட்டடம் நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கிறது. ரோடு அகலம் போதும், எல்லாம் சரியாகத் தெரிகிறது. ஆனால் பின்சுவரில் பன்னிரண்டு அடிக்கு ஒரு கேட். "எதுக்கு?" என்று கேட்டேன். "சும்மா, அவசரத்துக்கு" என்றார். சமையல் பாத்திர வண்டி, கேஸ் சிலிண்டர் வண்டி, குப்பை வண்டி, ஜெனரேட்டர் எல்லாம் அந்தக் கேட் வழியாகத்தான் போய்வரும். முன்பக்கம் பளபளவென்று வணிகம், பின்பக்கம் அதன் கழிவு முழுக்கத் தெருவுக்கு. அந்தக் கேட்டை எடுத்து, பின்மனையை வீடாகவே விட்டால்தான் படம் போடுவேன் என்றேன். அவர் வேறு ஒருவரிடம் போய்விட்டார்.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையில் வீடு கட்ட அனுமதி தந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் ஆன்லைனில் உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். அலைந்து நொந்த சாதாரணக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி, மனதார வரவேற்கிறேன். ஆனால் வீடு என்று எடுத்துவிட்டு நாள் வாடகைக்கு ரூம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எட்டு அறை, ஒவ்வொன்றுக்கும் தனி பாத்ரூம், எல்லாக் கதவும் ஒரே நடையில் திறக்கும், சமையலறையைத் தேட வேண்டியிருக்கும். எந்தக் குடும்பமும் அப்படி வீடு கட்டாது.

நம் கரையில் இது சத்தம், நெரிசலோடு நிற்கும் விஷயமில்லை. தண்ணீர் விஷயம். தீவிலும் மண்டபம் முனையிலும் மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல்நீர் கொஞ்சம் கனம் கூடியது என்பதால்தான் இப்படி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல நீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் உப்பு அதே கணக்கில் கீழிருந்து ஏறி வரும். மணலில் ஊற்று தோண்டி அகப்பையில் மொண்டு குடம் நிரப்பிய காலத்தில் அந்தப் படலம் கலையவில்லை. வீட்டுக்கு ஒரு சின்ன மோட்டார் இருந்தால்கூடத் தாங்கும். பக்கத்து மனையில் நாற்பது அறைக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு நாள் முழுக்க இழுத்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்பு மேடு கட்டி எழும்பும். அப்புறம் இழுப்பதை நிறுத்தினாலும் அது சீக்கிரம் இறங்காது. "எங்க கிணத்துத் தண்ணியில டீ போட்டா பால் திரிஞ்சு போகுது சார்" என்று தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு அக்கா சொன்னார். இரண்டு மனை தள்ளி லாட்ஜ் வந்து ஒன்றிரண்டு கோடை கழிந்திருந்தது.

போகிற தண்ணீரையும் பாருங்கள். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 18 மீட்டர் என்றால் ஏறக்குறைய 60 அடி. முப்பதுக்கு நாற்பது மனைகள் உள்ள தெருவில் 60 அடி என்பது இரண்டு வீடு தாண்டிப் போகும். ஒரு குடும்பத்தின் கழிவையே கஷ்டப்பட்டுத்தான் அந்த இடைவெளியில் சமாளிக்கிறோம். நூறு பேர் தங்கும் இடத்தின் கழிவை நம் மணல் வடிகட்டாது, அப்படியே பக்கத்துக் கிணற்றுக்குக் கடத்திவிடும். அதனால் இங்கே குடியிருப்பு மண்டலக் கோடு காப்பாற்றுவது முதலில் கிணற்றை என்றே நினைக்கிறேன்.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாது. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. வணிகப் பகுதியானால் 65, 55. அதாவது தெரு வணிகமாக மாறினால், உங்கள் ஜன்னலுக்கு வெளியே சட்டப்படியே பத்து டெசிபல் கூடுதலாகச் சத்தம் போடலாம். காதுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கேட்கும். மைக் செட்டைப் பற்றி அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனால், அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சரி, நேரத்துக்கு வருவோம். தெருவுக்கு மூன்று இடத்தில் வாய்ப்பு கிடைக்கிறது. முதலாவது, மாஸ்டர் பிளான் புதிதாகப் போடும்போது அல்லது திருத்தும்போது. வரைவை வெளியிட்டு ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்த வரைபடத்தைப் போய்ப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நிலம் வாங்கி விற்கிறவர்கள். குடியிருக்கிறவர்கள் போவதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிப் பூசியிருக்கும் வணிக நிறம் உங்கள் தெருவையும் சேர்த்து மூடியிருக்கிறதா, முன்மனையோடு நிற்கிறதா என்று அந்த நாளில் பார்த்தால் போதும். இந்த ஒரு வேலை பின்னால் வரும் பத்து வழக்கை மிச்சம் பண்ணும்.

இரண்டாவது, தனி ஒருவர் தன் சர்வே நம்பருக்குப் பயன்பாட்டு மாற்றம் கேட்கும்போது. செய்தித்தாளில் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வரும். சின்ன எழுத்தில், சர்வே நம்பர் மட்டும் போட்டிருப்பார்கள். தெருப் பெயர் இருக்காது. அதனால் உங்கள் தெருவின் சர்வே எண்களையும் முன்மனைகளின் எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பேப்பர் படிக்கிற ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும். இந்தக் கட்டத்தைத் தவறவிட்டதால்தான் நான் பார்த்த தெருக்களில் பெரும்பாலானவை தோற்றன.

மூன்றாவது, வேலை தொடங்கிய பிறகு. அனுமதி இல்லாமலோ அனுமதிக்கு மாறாகவோ கட்டினால், வேலையை நிறுத்தச் சொல்ல நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவிலும், கட்டியதை அகற்றச் சொல்ல 56-ஆம் பிரிவிலும் திட்டக் குழுமத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அஸ்திவாரத்தில் நிறுத்துவது வேறு, மூன்று மாடி எழும்பிய பிறகு இடிப்பது வேறு. எழும்பிய கட்டடத்துக்கு மேல்முறையீடு, வரன்முறை மனு, தடை உத்தரவு என்று ஆயிரம் வழி திறக்கும். அதனால் குழி தோண்டும்போதே அனுமதி எண்ணைக் கேளுங்கள். சொல்லவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி வரைபட நகல் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

"ஈ.பி.யில கமர்ஷியல் கனெக்ஷன் வாங்கிட்டேன், சொத்து வரியும் வணிகத்துக்குத்தான் கட்டுறேன், இனி யாரும் கேட்க முடியாது" என்று ஒரு பதில் எப்போதும் வரும். அதைக் கேட்டுத் தயங்கி நின்றுவிடாதீர்கள். மின் கட்டணம் எந்த வீதம் என்பது மின்வாரியத்தின் கணக்கு, வரி உள்ளாட்சியின் கணக்கு. இரண்டும் நிலத்தின் பயன்பாட்டை மாற்றாது.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு காப்பும் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் முதலில் வந்து, 2011-லும் 2019-லும் புதிதாக வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை அது பேசும். நகரமாக வளர்ந்துவிட்ட கரையில், ஏற்கெனவே இருக்கும் ரோட்டுக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் புதிதாகக் கட்டலாம். மண்டபம், பாம்பன் போன்ற குறுகலான இடத்தில் நெடுஞ்சாலையோர மனையே இந்த 500 மீட்டருக்குள் வந்துவிடலாம். ஆகவே திட்ட அனுமதியோடு கடலோர அனுமதியும் இருக்கிறதா என்று சேர்த்தே கேளுங்கள்.

ஆட்சேப மனு எழுதும்போது "எங்களுக்கு இடைஞ்சல்" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் படுத்துக்கொள்ளும். தெருவின் அகலத்தை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். எத்தனை வீடு, எத்தனை கிணறு, அந்த மனையின் எல்லையிலிருந்து மிக அருகில் உள்ள கிணறு எத்தனை மீட்டர், லேஅவுட் அனுமதி எண், அதில் அந்த மனை எந்த உபயோகத்துக்குக் குறிக்கப்பட்டது என்பதையெல்லாம் போடுங்கள். கிணற்றுத் தண்ணீரை இப்போதே பரிசோதனை செய்து ரிப்போர்ட்டை இணைத்தால், நாளைக்கு உப்பு ஏறியதை நிரூபிக்க அதுவே சாட்சி. வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கையெழுத்திட்டு, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் உங்கள் நகராட்சி அல்லது ஊராட்சிக்கும் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அறிவிப்பில் சொன்ன கடைசி நாளுக்கு முன்பே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.