குதிக்குள் தங்கிய படுவான்கரைச் சோறு

“மூச்சு வருது மச்சான், கால்தான் வருதில்ல.”

மட்டக்களப்பில், கல்லடிப் பழைய பாலத்தின் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றபடி, மற்றக் காலின் குதிக்கு மேலே இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார் என் பள்ளித் தோழர். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு தடிப்பு. 1970 இல் பிறந்தவர். வெபர் மைதானத்தில் 1500 மீற்றர் ஓடியவர். 1990 இல் எல்லாம் நின்றது. போர் மூண்ட அந்த ஆண்டு மட்டக்களப்பில் ஓடியவர்கள் போட்டிக்காக ஓடவில்லை. பிறகு வேலை, பிள்ளைகள், சீனி வருத்தம். வைத்தியர் நடக்கச் சொல்ல, இவர் ஓடவே தொடங்கிவிட்டார். ஐந்து வாரத்தில் இரைப்பு அடங்கிவிட்டது. ஆனால் விடியப்புறம் கட்டிலை விட்டு இறங்கினால் குதியில் ஊசி குத்துகிறது. ஒன்று திரும்பி வர, மற்றது ஏன் வரவில்லை?

மூச்சின் கதை எளிது. ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையம் கூடுகிறது, இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதியும் கூடுகிறது. சில வாரங்களில் தசைக் கலங்களில் சக்தியை ஆக்கித் தரும் இழைமணிகள் பெருகுகின்றன. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

கெண்டைத் தசையைக் குதி எலும்போடு கட்டும் தசைநாண் வேறு ரகம். ஓடும்போது அது தாங்கும் இழுவை உடல் எடையின் 6 முதல் 8 மடங்கு. கால் நிலத்தில் பட அது நீளும், கால் எழும்ப அது சுருங்கும். ஒவ்வோர் அடியிலும் கைமாறும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சேமித்துத் திருப்பித் தருவது இந்த நாண்தான்.

இதற்கு வயது என்ன? அதைக் கண்டுபிடித்த வழியைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

அண்டக் கதிர்களால் உண்டாகும் நியூத்திரன்கள் வளிமண்டல நைதரசனில் மோதிக் காபன்-14 என்ற கதிரியக்கக் காபனை உருவாக்குகின்றன. காற்றில் அது எப்போதும் சொற்பம். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகள், வட அரைக்கோளத்தில் அந்த அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. 1963 இல் அத்தகைய சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது. அதன்பின் கடலும் காடும் உறிஞ்ச உறிஞ்ச, அளவு ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வந்தது. எனவே அளவைப் பார்த்தே ஆண்டைச் சொல்லலாம். காற்றில் இருந்த காபன் நெல்லுக்கு வரும், நெல்லிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து நமக்கு.

2013 இல் டென்மார்க்கின் கட்ஜா ஹைனமையர் குழுவினர், 1945 க்கும் 1983 க்கும் இடையில் பிறந்தவர்களின் குதித் தசைநாணில் இந்தக் காபனை அளந்தார்கள். தசை தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது. நாணின் நடுப்பகுதியிலோ அவரவர் வாழ்வின் முதல் 17 ஆண்டுக் காற்று அப்படியே இருந்தது! உயரம் வளர்வது நிற்கும்போது நாணின் நடுவும் கட்டி முடிந்துவிடுகிறது. பிறகு அது மாற்றப்படுவதே இல்லை எனலாம்.

ஆகவே தோழரின் குதிக்குள் இருப்பது, 1970களில் அவர் அம்மா குழைத்துத் தந்த, வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரையின் சோறும் எருமைத் தயிரும். வெபர் மைதானத்தில் ஓடிய அதே நாண். இதை முதன்முதலில் வாசித்த இரவு நான் என் குதியை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தேன். குதிக்காலில் அணுகுண்டின் மிச்சத்தைத் தேடுவதால் என்ன லாபம் என்று பணம் மறுத்திருந்தால் இது நமக்குத் தெரிந்திராது. அறியும் ஆசை ஒன்றுக்காகவே செய்யும் ஆய்வுக்கு நம் நாடும் பணம் ஒதுக்க வேண்டும். கிழக்கின் பிள்ளைகளிடம் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை.

மாறாத புரதத்தில் சீனியும் ஆண்டாண்டாக ஒட்டிக்கொண்டு போய் நாணை இறுக்கும். சீனி வருத்தக்காரரான தோழருக்கு அந்தச் சிக்கலும் கூடவே இருக்கிறது.

அதற்காக நாண் செத்த கயிறு அல்ல. ஓடி முடிந்ததும் அதன் கலங்கள் நாணின் புரத இழையான கொலாஜனை உடைக்கின்றன, கூடவே புதிதாகக் கட்டவும் செய்கின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரம் உடைவே மிஞ்சி நிற்கும். அதைத் தாண்டினால்தான் கட்டுவது முந்தும். தோழர் ஒரு நாளும் விடாமல் ஓடியிருக்கிறார், அதுவும் கல்லடிக் கடற்கரை மணலில். மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகும். குதி புதையப் புதைய நாண் இன்னும் இழுபடும்.

கணுக்காலில் கறுப்பு நூல் ஒன்றும் கிடந்தது. நாவூறு என்று மாமி கட்டிவிட்டாராம். அன்பில் கட்டிய நூல், கிடக்கட்டும். ஆனால் நூலை நம்பி மறுநாளும் மணலில் இறங்குவது பிழை என்று அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், கெட்டித் தரையில், பாதி தூரம் நடை. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதியை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி: 15 தடவை, 3 சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். சுவீடனின் ஹோக்கன் அல்பிரட்சன் 1998 இல் வெளியிட்ட முறை இது. வலி கூடினால் வைத்தியரிடம் போக வேண்டும்.

தோழர் சப்பாத்தைக் கட்டினார். கடைசி மகளுக்குப் பன்னிரண்டு வயது.

“அப்ப மகள்ட நரம்பு இன்னும் கட்டி முடியல்ல, என்ன?”

“முடியல்ல. இன்னும் அஞ்சு வருசம் இருக்கு.”

அங்கேயே நின்று டியூஷன் ஆசிரியருக்குப் போன் எடுத்து, சனிக்கிழமை விடிய வைக்கும் வகுப்பைப் பின்னேரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார்.