சொல் விளக்கம்: சுழற்சிப் பொருளாதாரம்

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கிண்ணம், கரண்டி, மூடியுள்ள உணவுப் பெட்டி ஆகியவற்றுக்கு மொரீசியஸில் 2021 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. இத்தடையைப் பற்றிய பேச்சில் ‘எகோனொமி சிர்க்குலேர்’ என்னும் பிரெஞ்சுத் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. பொருள்களைக் குப்பையாக எறிந்துவிடாமல் மீண்டும் மீண்டும் பயன்பாட்டுக்குத் திருப்பிக்கொண்டுவரும் பொருளாதார முறையை அது குறிக்கிறது. தமிழில் இதை வட்டப் பொருளாதாரம் என்றும் சுழற்சிப் பொருளாதாரம் என்றும் எழுதுகிறார்கள்.

இத்தொடரின் ஒரு பாதி ‘சிர்க்குலுஸ்’ (வளையம்) என்னும் லத்தீன் சொல்லிலிருந்தும், மறுபாதி ‘ஒய்கோனோமியா’ (இல்ல நிர்வாகம்) என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்தும் வந்தவை. பூமியை ஒரு விண்கலமாகக் கருதி, அதில் உள்ள வளத்தைக் கொண்டே வாழவேண்டும் என 1966இல் பொருளியலாளர் கென்னத் போல்டிங் எழுதிய கட்டுரை இக்கருத்துக்கு வித்திட்டது. சுற்றுச்சூழல் பொருளியலாளர்களான டேவிட் பியர்ஸும் கெரி டர்னரும் 1990இல் வெளியிட்ட நூல் இதைத் துறைச்சொல்லாக நிலைநிறுத்தியது.

‘வட்டம்’ அசையாத வடிவத்தைக் குறிக்கும் சொல். தமிழ்நாட்டில் மாவட்டத்தின் உட்பிரிவுக்கும் அதுவே பெயராதலால், வட்டப் பொருளாதாரம் என்றால் ஒரு தாலுகாவின் வரவுசெலவு என்றே அங்குள்ளவர் கொள்ளக்கூடும். ‘சுழல்’ என்னும் வினையிலோ இயக்கமும் திரும்பிவருதலும் சேர்ந்தே இருக்கின்றன. ‘சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்’ என்ற குறளில் (1031), எங்கெங்கோ சுழன்ற உலகம் இறுதியில் உழவிடமே வருகிறது. ஆகவே சுழற்சிப் பொருளாதாரம் என்பதே தகுந்த ஆக்கம்.

ஆனால் இதை ‘மறுசுழற்சி’ என்று சுருக்கிக்கொள்வது பெரும்பிழை. மறுசுழற்சி என்பது குப்பையான பொருளை உருக்கியோ அரைத்தோ மீண்டும் மூலப்பொருளாக்குவது. சுழற்சிப் பொருளாதாரத்தில் அது கடைசி வழிகளுள் ஒன்றே. பொதியுறையைத் தவிர்த்தல், கழுவி மீண்டும் பயன்படுத்துதல், மறுநிரப்பல் ஆகியவை அதற்கு முன்னே வருகின்றன. முன்பணம் பெற்றுக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளும் கண்ணாடிப் புட்டி உருகாமலேயே மறுபடி நிரம்புகிறது.

மொரீசியஸில் காவடித் திருநாளன்று ஏழு கறி பரிமாறும் வாழையிலையும் இச்சொல்லின் பொருளைத் தெளிவாகக் காட்டும். உண்டபின் அதைக் கறிமிச்சத்தோடு எருக்குழியில் இட்டால், பிரித்தெடுக்க வேண்டிய பூச்சோ பசையோ இன்றி மண்ணுக்கே திரும்பிவிடுகிறது. அதே விருந்தைப் பொட்டலமாக எடுத்துச்செல்ல, கரும்புச் சக்கையில் செய்த பெட்டியைப் பயன்படுத்தினால், அந்தப் பெட்டியும் மக்கக்கூடியதுதான்; ஆயினும் தனியே சேகரிக்கப்படாமல் மொரீசியஸ் தீவின் ஒரே குப்பை நிரப்பிடமான மார் சிகோஸில் புதையுமானால், காற்றில்லாத அடுக்கில் சிதைந்து மீத்தேனை வெளியிடும். ‘மக்கும்’ என்ற அடைமொழி பொருளின் இயல்பை மட்டுமே சொல்கிறது. ‘சுழற்சி’ என்பதோ அது திரும்பிச் செல்லும் வழியையும் கேட்கிறது. ஆதலால் திரும்பப் பெறும் ஏற்பாடு இல்லாத உணவுப் பெட்டியை ‘மக்கும் பெட்டி’ என எழுதலாமேயன்றி, ‘சுழற்சிக்குரிய பெட்டி’ என எழுதுவது பொருந்தாது.